பேட்மேனுக்கு ராபின் எதற்கு? அமெரிக்க காமிக்ஸின் துணை நாயகர்கள்: ஓர் அறிமுகம்

இருட்டில் பதுங்கி, சாம்பலும் கருநீலமுமாக உடுத்தி, சத்தமே இல்லாமல் எதிரியின் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பவர் பேட்மேன். அப்படிப்பட்டவர் வேட்டைக்குப் போகும்போது ஒரு பொடியனையும் கூட்டிக்கொண்டு போகிறார். அவனுக்குச் சிவப்பு மேல்சட்டை, பச்சைக் கால்சட்டை, மஞ்சள் மேலங்கி. துப்பாக்கியும் கையுமாக நிற்கும் ரவுடிகளுக்கு அவன் அடுத்த தெருவில் வரும்போதே தெரிந்துவிடும். இது எந்த ஊர் நியாயம்? அமெரிக்க சூப்பர் ஹீரோ காமிக்ஸ் பக்கம் புதிதாக ஒதுங்கும் யாரும் முதல் வாரத்திலேயே கேட்டுவிடும் கேள்வி இது.

கதைக்குள் தேடினால் இதற்கு உருப்படியான பதில் கிடைக்காது. கதை எழுதியவரின் மேசையில்தான் தேட வேண்டும்.

பேட்மேன் முதலில் தலைகாட்டியது 1939 மே மாதத் தேதியிட்ட ‘டிடெக்டிவ் காமிக்ஸ்’ 27-வது இதழில். எழுதியவர் பில் ஃபிங்கர், வரைந்தவர் பாப் கேன். சில மாதங்களிலேயே ஃபிங்கருக்கு ஒரு தொல்லை பிடிபட்டது: பேட்மேனுக்குப் பேச்சுத்துணை இல்லை. துப்பறியும் கதை என்றால் துப்பு எங்கே கிடைத்தது, அதிலிருந்து என்ன புரிந்தது, அடுத்து எங்கே போகப்போகிறோம் என்பதையெல்லாம் யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். எல்லாவற்றையும் நாயகன் தனக்குத்தானே நினைத்துக்கொண்டிருந்தால் பக்கம் முழுக்கச் சிந்தனைக் குமிழிகள்தான் மிஞ்சும். ஷெர்லாக் ஹோம்ஸுக்கு ஒரு வாட்சன் இருக்கிறாரே, இவருக்கும் ஒருவர் வேண்டும் என்று ஃபிங்கர் நினைத்தார். வாசகர்களில் பெரும்பாலோர் சிறுவர்கள். ஆகவே வாட்சனும் சிறுவனாகவே வந்து சேர்ந்தான்.

1940 ஏப்ரலில் வந்த 38-வது இதழின் அட்டையை இணையத்தில் தேடிப் பாருங்கள். சர்க்கஸில் காகிதம் ஒட்டிய வளையத்தைப் பிடித்து நிற்பார்களே, அப்படி ஒன்றைப் பேட்மேன் பிடித்திருக்கிறார். அதைக் கிழித்துக்கொண்டு ஒரு பையன் நம்மை நோக்கிப் பாய்கிறான். 1940-இன் பரபரப்பான கண்டுபிடிப்பு இவன்தான் என்று அட்டையே பீற்றிக்கொள்கிறது. உள்ளே கதை சோகமானது. டிக் கிரேசன் என்ற அந்தப் பையனின் அப்பா அம்மா சர்க்கஸில் அந்தரத்தில் ஆடுபவர்கள். மாமூல் கேட்ட ரவுடிக் கும்பல் அமிலம் தடவி வைத்த கயிறு அறுந்து, மகனின் கண்ணெதிரே விழுந்து சாகிறார்கள். தானும் சிறுவயதில் பெற்றோரைப் பறிகொடுத்தவர் என்பதால் பேட்மேன் அவனைச் சேர்த்துக்கொள்கிறார். பெயர் ராபின் ஹுட்டிடமிருந்து வந்தது; அதைச் சொன்னவர் இன்னொரு ஓவியரான ஜெர்ரி ராபின்சன். உடையின் சாயலும் அங்கிருந்தே வந்ததால்தான் அந்தப் பச்சையும் சிவப்பும்.

அந்தக் காலத்து மட்டமான காகிதத்தில் அச்சான பக்கத்தைப் பார்த்தால் இன்னொன்றும் புரியும். இருண்ட நாயகனும் இருண்ட தெருவும் ஒன்றோடொன்று கலந்துபோகிற இடத்தில், கண் முதலில் போய் நிற்பது அந்த மஞ்சள் மேலங்கியில்தான். ராபின் வந்ததும் விற்பனை ஏறக்குறைய இருமடங்கானது என்பார்கள். பேட்மேனின் குணமும் மாறியது. முதல் வருடத்தில் துப்பாக்கி தூக்கவும், எதிரி செத்தால் கண்டுகொள்ளாமல் போகவும் தயங்காதவர், பக்கத்தில் ஒரு பிள்ளை நின்ற பிறகு கொஞ்சம் சிரிக்கக் கற்றுக்கொண்டார்.

இப்படி முகமூடி போட்டு, நாயகனுக்கு ஒரு படி கீழே நின்று, அவரோடு சேர்ந்து அடிதடியில் இறங்குபவரைத்தான் சைட்கிக் என்கிறார்கள். அல்லக்கை என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள், அல்லக்கை வில்லனுக்கு. துணை நாயகர்கள் என்ற பெரிய குடும்பத்தில் சைட்கிக் ஒரு கிளை மட்டும்தான். முகமூடி இல்லாத துணைப்பாத்திரங்கள் தனிக் கூட்டம். சூப்பர்மேனின் காதலி லோயிஸ் லேன், நண்பன் ஜிம்மி ஓல்சன், பேட்மேனின் போலீஸ் நண்பர் கமிஷனர் கார்டன், ஸ்பைடர் மேனின் அத்தை மே எல்லாரும் அதில் சேர்த்தி. நாயகனின் வேலையை ஒருநாள் தானே ஏற்றுச் செய்யும் வாரிசுகள் வேறு ரகம். யாரோ ஒருவரின் இதழில் விருந்தாளியாக வந்துவிட்டு, பிறகு வீட்டுக்காரரையே மிஞ்சிப் போனவர்களும் உண்டு. ஒருவரே காலப்போக்கில் இந்தக் கிளைகளில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவார். அதனால் இந்தப் பிரிவினையை ரொம்பவும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம்.

ராபின் நன்றாக விற்றதைப் பார்த்து மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? ஹியூமன் டார்ச்சுக்கு டோரோ, கிரீன் ஆரோவுக்கு ஸ்பீடி, சாண்ட்மேனுக்கு சாண்டி என்று இரண்டே வருடத்தில் எல்லா வீரர்களின் இடுப்பளவிலும் ஒரு பையன் நின்றான். 1941-இல் வந்த கேப்டன் அமெரிக்காவுக்கு முதல் இதழிலேயே பக்கி என்ற பையன் வந்துவிட்டான். எனக்குப் பிடித்தது அதே வருடம் வந்த ஒரு தலைகீழ் ஜோடி. ஸ்டார் ஸ்பாங்கிள்டு கிட் என்ற பணக்காரப் பையன் நாயகன். அவனுடைய கார் ஓட்டுநரான ஸ்ட்ரைப்ஸி என்ற வாட்டசாட்டமான ஆள் சைட்கிக். இதை உருவாக்கிய கதாசிரியர் ஜெர்ரி சீகல், சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவர். எல்லாரும் ஒரே பாட்டைப் பாடும்போது அவருக்கு மட்டும் ராகத்தை மாற்றத் தோன்றியிருக்கிறது.

அதே காலத்தின் அசிங்கத்தையும் சொல்லியாக வேண்டும். வில் ஐஸ்னரின் ‘ஸ்பிரிட்’ தொடரில் வரும் எபனி ஒயிட், ‘யங் அலைஸ்’ இதழில் வரும் ஒயிட்வாஷ் ஜோன்ஸ் போன்ற கறுப்பினச் சிறுவர்களைத் தடித்த உதடும் உருண்ட கண்ணுமாகக் கேலிச்சித்திரமாகவே வரைந்தார்கள், பேச வைத்தார்கள். பக்கத்தில் நிற்கும் இடம் அன்றைக்கு யாருக்கெல்லாம், எந்த விலைக்குக் கிடைத்தது என்பது அந்தப் பக்கங்களில் அப்பட்டமாகத் தெரிகிறது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். ஒரு நாவலின் நாயகன் மூப்படையலாம், மனம் மாறலாம், கடைசி அத்தியாயத்தில் சாகலாம். அமெரிக்க சூப்பர் ஹீரோவுக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. அவர் எழுத்தாளருக்குச் சொந்தமில்லை, நிறுவனத்துக்குச் சொந்தம். மாதாமாதம் இதழ் வந்தாக வேண்டும். பொம்மை, சட்டை, திரைப்படம் என்று அவர் முகத்தை நம்பி ஒரு பெரிய வியாபாரம் நடக்கிறது. 1938-இல் பிறந்த சூப்பர்மேனுக்கு இன்றும் முப்பதுக்கு மேல் வயது சொல்ல முடியாது. அவரைக் கொல்வார்கள், கல்யாணம் செய்து வைப்பார்கள், ஆனால் சுற்றிச் சுற்றிப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். ஆனால் மாற்றமே இல்லாத கதையை யார் படிப்பார்கள்? எழுத்தாளர்கள் கண்டுபிடித்த வழி இதுதான்: நாயகன் மேல் விழ முடியாத காலத்தைப் பக்கத்தில் நிற்பவர் மேல் விழச் செய்வது. வளர்வது, சண்டை போட்டுப் பிரிவது, தவறான பழக்கத்தில் விழுவது, ஊனமாவது, சாவது எல்லாம் துணைப்பாத்திரத்தின் பங்கு. இதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் எண்பது வருடக் குழப்பத்தில் பாதி தெளிந்துவிடும்.

டிக் கிரேசனையே எடுத்துக்கொள்வோம். 1940-இல் அரைக்கால்சட்டைச் சிறுவன். 1969 கடைசியில் ‘பேட்மேன்’ 217-வது இதழில் பெட்டியைக் கட்டிக்கொண்டு கல்லூரிக்குக் கிளம்பினான். 1984-இல் ராபின் உடையைக் கழற்றிவைத்துவிட்டு நைட்விங் என்ற புதுப் பெயரில், நெஞ்சைத் திறந்து காட்டும் கழுத்துப்பட்டையோடு வந்து நின்றான். (அந்தக் கழுத்துப்பட்டை எண்பதுகளின் குற்றம், டிக்கின் குற்றமல்ல.) சிறுவன் வாலிபனாகி, தலைவனான இந்த 44 வருடங்களில் பேட்மேனுக்கு ஒரு நரைமுடி கூட விழவில்லை. மகன் வளர்கிறான், அப்பாவின் வயது மட்டும் நகர மாட்டேன் என்கிறது. இதை அபத்தம் என்று தள்ளிவிடலாம். என் கணக்கில், முகமூடி கோஷ்டிகளில் உண்மையான வாழ்க்கை வரலாறு என்று ஒன்று இருப்பது டிக்கிற்குத்தான்.

அவன் வளர இடம் கொடுத்தது ‘டீன் டைட்டன்ஸ்’. 1964-இல் ராபின், கிட் ஃப்ளாஷ், அக்வாலாட் என்ற மூன்று சைட்கிக்குகளைப் பெரியவர்கள் இல்லாமல் ஒரே கதையில் இறக்கினார்கள். அடுத்த வருடம் குழுவுக்குப் பெயரும் வந்தது, ஒண்டர் கேர்ள் என்ற பெண்ணும் சேர்ந்தாள். இங்கே ஒரு வேடிக்கை. ‘ஒண்டர் உமன்’ இதழ்களில் வந்துகொண்டிருந்த ஒண்டர் கேர்ள் தனி ஆளே அல்ல. ஒண்டர் உமனின் சிறுவயது உருவம். அதைக் கவனிக்காமல் யாரோ தங்கச்சி போலிருக்கிறது என்று குழுவில் சேர்த்துவிட்டார்கள். ஆளில்லாத ஆள் நான்கு வருடம் சாகசம் செய்த பிறகு, 1969-இல் மார்வ் வுல்ஃப்மேன் உட்கார்ந்து ஒரு பூர்வகதை எழுதினார்: தீப்பிடித்த கட்டடத்திலிருந்து ஒண்டர் உமன் காப்பாற்றிய குழந்தை அவள், பெயர் டோனா டிராய். பிற்பாடு வந்தவர்கள் அந்த ஒட்டுவேலைக்கு மேல் இன்னும் ஒட்டு போட்டார்கள். டோனா டிராயின் பிறப்புக் கதையைச் சரியாகச் சொல்லிவிட்டால் காமிக்ஸ் ரசிகர்கள் நடுவில் உங்களுக்குத் தனி மரியாதை உண்டு. இதே வுல்ஃப்மேன் 1980-இல் ஓவியர் ஜார்ஜ் பெரெஸோடு சேர்ந்து ‘நியூ டீன் டைட்டன்ஸ்’ தொடங்கினார். டிக் நைட்விங் ஆனது அந்தத் தொடரின் வழியில்தான்.

கிரீன் ஆரோவின் பையன் ஸ்பீடிக்கு நேர்ந்தது வேறு. 1971-இல் ‘கிரீன் லாண்டர்ன்’ 85-வது இதழ். எழுதியவர் டென்னி ஓ’நீல், வரைந்தவர் நீல் ஆடம்ஸ். அட்டையில் ஸ்பீடி கூனிக் குறுகி உட்கார்ந்திருக்கிறான், முன்னால் ஊசியும் ஹெராயின் சாமான்களும். பின்னால் கிரீன் லாண்டர்ன், கிரீன் ஆரோ என்ற இரண்டு பெரிய வீரர்கள் அதிர்ந்து நிற்கிறார்கள். ஊரெல்லாம் போதைக் கும்பலைத் துரத்திய கிரீன் ஆரோ, வீட்டிலிருக்கும் பையனைத் திரும்பிப் பார்க்கவில்லை. விஷயம் தெரிந்ததும் அவர் செய்யும் முதல் காரியம் அவனை அறைவது. இந்தக் கதையைக் கிரீன் ஆரோவின் மேல் எழுதியிருக்க முடியுமா? நிறுவனம் விட்டிருக்காது. பக்கத்தில் நின்ற பையன் மேல் எழுதியதால் அச்சேறியது. அடியும் குறி தவறாமல் நாயகன் மேலேயே விழுந்தது.

பேட்மேனையும் சூப்பர்மேனையும் வெளியிடும் டிசி நிறுவனத்துக்குப் போட்டியான மார்வெல் இந்த விளையாட்டைத் தொடக்கத்தில் வேறு மாதிரி ஆடியது. அதன் ஆசிரியர் ஸ்டான் லீக்குச் சிறுவர் சைட்கிக் என்றாலே ஆகாது. 1962-இல் அவரும் ஓவியர் ஸ்டீவ் டிட்கோவும் ஒரு பள்ளிக்கூடப் பையனை முகமூடி போட்டுக் கொண்டுவந்தபோது, அவன் யாருக்கும் கீழே நிற்கவில்லை. ஸ்பைடர் மேன் தானே நாயகன். அவனைச் சுற்றி வந்தவர்களெல்லாம் சாதாரண மனிதர்கள்: நோஞ்சான் அத்தை, கத்திக்கொண்டே இருக்கும் பத்திரிகை முதலாளி ஜேம்சன், பிறகு காதலிகளான க்வென் ஸ்டேசி, மேரி ஜேன். பேச்சுத்துணைப் பிரச்சினைக்கு அங்கே கிடைத்த தீர்வு, எதிரியோடு வாய் ஓயாமல் கிண்டலடிக்கும் நாயகன்.

பக்கியை லீ என்ன செய்தார் தெரியுமா? 1964-இல் ‘அவெஞ்சர்ஸ்’ 4-வது இதழில் கேப்டன் அமெரிக்காவைப் பனிக்கட்டியிலிருந்து எடுத்து உயிர்ப்பித்தபோது, இரண்டாம் உலகப் போரின் கடைசி நாட்களில் பக்கி ஒரு விமான வெடிப்பில் செத்துவிட்டான் என்று எழுதிவிட்டார். பிடிக்காத சைட்கிக்கை ஒழித்துக்கட்டிய மாதிரியும் ஆயிற்று, கேப்டனுக்கு ஆயுளுக்கும் ஆறாத ஒரு குற்ற உணர்வு கிடைத்த மாதிரியும் ஆயிற்று. உயிரோடிருந்த பக்கி ஒரு துறுதுறுப்பான பையன், அவ்வளவுதான். செத்த பக்கிதான் பெரிய பாத்திரம்.

ஒருவரின் சாவு இவ்வளவு வேலை செய்யும் என்று தெரிந்தபின் அடுத்தவர்கள் விடுவார்களா? டிக் விட்டுப்போகவிருந்த இடத்துக்கு 1983-இல் ஜேசன் டாட் என்ற இரண்டாவது ராபினைக் கொண்டுவந்தார்கள். முதலில் அவனும் சர்க்கஸ் குடும்பம், அவனுக்கும் பெற்றோர் கொலை. டிக்கின் அச்சு நகல். 1987-இல் அதை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினார்கள். இப்போது அவன் தெருப்பிள்ளை. பேட்மேனின் காரிலேயே சக்கரம் கழற்றித் திருடும்போது மாட்டியவன். எனக்கு இந்த அறிமுகம் பிரமாதமாகப் படுகிறது. ஆனால் எடுத்தெறிந்து பேசும், கோபக்கார ராபினை வாசகர்களில் பலருக்குப் பிடிக்கவில்லை.

1988-இல் ஜிம் ஸ்டார்லின் எழுதி ஜிம் அப்பாரோ வரைந்த நான்கு பகுதிக் கதை ‘பேட்மேன்’ 426-இலிருந்து வந்தது. 427-வது இதழின் முடிவில் பேட்மேனின் பரம எதிரியான ஜோக்கர் ஜேசனைக் கடப்பாரையால் அடித்துப் போட்டுவிட்டு எத்தியோப்பியாவில் ஒரு கிடங்கில் வெடிகுண்டோடு விட்டுப்போகிறான். கிடங்கு வெடிக்கிறது. அங்கே கதையை நிறுத்திவிட்டு, பின்பக்கத்தில் இரண்டு தொலைபேசி எண்கள். பையன் பிழைக்க வேண்டுமா, ஒரு எண்ணைச் சுழற்றுங்கள். சாக வேண்டுமா, மற்றது. அழைப்புக்கு 50 சென்ட். 36 மணி நேரம் அவகாசம். இரண்டு முடிவுக்கும் பக்கங்கள் வரைந்து தயாராக இருந்தன. பிழைக்கட்டும் என்றவை 5,271 அழைப்புகள். சாகட்டும் என்றவை 5,343. வெறும் 72 அழைப்பு வித்தியாசத்தில் ஜேசன் செத்தான். அடுத்த இதழில் இடிபாடுகளிலிருந்து பேட்மேன் அவனைக் கையில் ஏந்தி வருகிறார்.

பதிப்பாசிரியராக இருந்தவர், ஸ்பீடிக்கு ஊசி கொடுத்த அதே டென்னி ஓ’நீல். காசு வாங்கிக்கொண்டு ஒரு பிள்ளையின் உயிரை ஏலம் விட்டது சரிதானா என்று அன்றே கேள்வி எழுந்தது. எனக்கு அது கேவலமான வியாபாரமாகத்தான் தெரிகிறது. அதே சமயம், பேட்மேன் உயிரை வைத்து இப்படி ஒரு வாக்கெடுப்பை யாரும் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது என்பதையும் கவனியுங்கள். இரண்டாம் இடத்தில் நிற்பவன் என்பதால்தான் கையில் எண்ணைக் கொடுத்தார்கள்.

ஜேசன் போனபின் வந்த கதைகளில் பேட்மேன் முரடராகிறார், நிதானம் இழக்கிறார். 1989-இல் டிம் டிரேக் என்ற பையன் தானாகவே துப்பறிந்து பேட்மேன் யாரென்று கண்டுபிடித்து, வாசலில் வந்து நின்று வாதாடுகிறான்: பேட்மேனுக்கு ஒரு ராபின் வேண்டும், இல்லாவிட்டால் இவர் கெட்டுப்போவார் என்று. பில் ஃபிங்கர் மேசையில் தொடங்கிய கணக்கு, 49 வருடம் கழித்துக் கதைக்குள்ளேயே ஒரு பாத்திரத்தின் வாயிலிருந்து வந்துவிட்டது.

காமிக்ஸ் ரசிகர்களிடம் ஒரு பழைய கேலி உண்டு. இந்த உலகத்தில் செத்தவர்கள் எல்லாரும் திரும்பி வருவார்கள், பக்கி, ஜேசன் டாட், ஸ்பைடர் மேனின் பென் மாமா மூவரைத் தவிர என்று. 2005-இல் பக்கியும் வந்துவிட்டான், ஜேசனும் வந்துவிட்டான். ஒரே வருடம்! எட் புரூபேக்கரும் ஓவியர் ஸ்டீவ் எப்டிங்கும் பக்கியை, சோவியத் ஆட்கள் மூளையைக் கழுவி இரும்புக்கை பொருத்திய கொலைகாரனாக, விண்டர் சோல்ஜராகக் கொண்டுவந்தார்கள். ஜேசன் ரெட் ஹுட் என்ற முகமூடியில், தன்னைக் கொன்ற ஜோக்கரை ஏன் இன்னும் உயிரோடு விட்டுவைத்திருக்கிறீர்கள் என்று பேட்மேனிடமே கேட்டு நிற்கிறான். நியாயமான கேள்வி. அதற்குப் பேட்மேன் சொல்லும் பதில் எல்லாருக்கும் திருப்தி தருவதில்லை. பாவம், பென் மாமா மட்டும் இன்னும் வரவில்லை.

பெண் துணைப்பாத்திரங்கள் பக்கம் போனால் இந்த ஏற்பாட்டின் கொடூரம் இன்னும் தெளிவாகத் தெரியும். 1973-இல் க்வென் ஸ்டேசியை வில்லன் பாலத்திலிருந்து தள்ளுகிறான். ஸ்பைடர் மேன் வீசிய வலை அவள் காலைப் பிடிக்கிறது. கழுத்தருகே பொடி எழுத்தில் ஒரு ஒலிக்குறிப்பு, எலும்பு முறிகிற ஓசை. காப்பாற்றிய வலையே கொன்றதா என்று இன்றுவரை சண்டை நடக்கிறது. அது அற்புதமாக எழுதிய சாவு. ஆனால் அதைப் பார்த்து எழுதியவர்கள் நாயகனுக்குக் கோபம் வர வேண்டும் என்றாலே காதலியைக் கொல்லத் தொடங்கினார்கள். 1994-இல் ஒரு ‘கிரீன் லாண்டர்ன்’ கதையில் நாயகனின் காதலியைக் கொன்று குளிர்பதனப் பெட்டிக்குள் திணித்து வைத்திருப்பார்கள். 1999-இல் கெயில் சிமோன் என்ற வாசகி, இப்படிச் செத்த, சிதைந்த, சக்தி இழந்த பெண் பாத்திரங்களின் நீண்ட பட்டியலை இணையத்தில் போட்டு, அதற்கு அந்தப் பெட்டியின் பெயரையே வைத்தார்.

அந்த வகைக்குப் பெரிய உதாரணம் பார்பரா கார்டன். 1966-இல் தொடங்கிய பேட்மேன் தொலைக்காட்சித் தொடருக்கு ஒரு பெண் பாத்திரம் தேவைப்பட்டதால், காமிக்ஸில் 1967 ஜனவரித் தேதியிட்ட இதழில் பேட்கேர்ளாகப் பிறந்தவள். கமிஷனரின் மகள், தொழில் நூலகர். 1988-இல் ‘கில்லிங் ஜோக்’ கதையில் கதவைத் திறந்தவளை ஜோக்கர் வயிற்றில் சுடுகிறான், முதுகெலும்பு போகிறது. கதை அப்பா என்ன பாடுபட்டார், பேட்மேன் என்ன நினைத்தார் என்று போகிறதே தவிர, அவளைக் கேட்பார் இல்லை. கிம் யேல், ஜான் ஆஸ்ட்ராண்டர் என்ற எழுத்தாளர் தம்பதிக்கு இது பொறுக்கவில்லை. 1989-இல் ‘சூசைட் ஸ்குவாட்’ இதழில் அவளைச் சக்கர நாற்காலியில், கணினிகளுக்கு நடுவே, ஆரக்கிள் என்ற பெயரில் திரும்ப எழுதினார்கள். நூலகருக்கு எதைத் தேடினால் எங்கே கிடைக்கும் என்று தெரியாதா? சீக்கிரத்திலேயே டிசி உலகத்தின் வீரர்கள் எல்லாரும் தகவலுக்கு அவளைத்தான் அழைக்க வேண்டியிருந்தது. அவளை மையமாக வைத்த ‘பேர்ட்ஸ் ஆஃப் ப்ரே’ தொடரை 2003-இலிருந்து எழுதியவர் யார்? பட்டியல் போட்ட அதே கெயில் சிமோன். 2011-இல் நிறுவனம் பார்பராவை மறுபடி நடக்க வைத்துப் பேட்கேர்ள் ஆக்கியபோது, ஊனமுற்ற வாசகர்கள் பலர் தங்கள் ஒரே நாயகியைப் பறித்துவிட்டதாக வருந்தினார்கள். குணமாவது எல்லாருக்கும் நல்ல செய்தி அல்ல.

இவ்வளவு சாவுக்கு நடுவே ஜிம்மி ஓல்சனைப் பற்றிப் பேசினால் மூச்சு விடலாம். சூப்பர்மேனின் இந்தப் புகைப்படக்காரத் தம்பிக்கு 1954 முதல் 1974 வரை சொந்த இதழே இருந்தது. அதில் அவன் ராட்சத ஆமையாகிறான், முள்ளம்பன்றியாகிறான், ரப்பர் மனிதனாகிறான். அடுத்த மாதம் பழையபடி கழுத்துப் பட்டியோடு வேலைக்கு வந்துவிடுகிறான். 1970-இல் மார்வெலை விட்டு டிசிக்கு வந்த ஜாக் கிர்பி இந்த இதழைக் கையில் எடுத்தார். டிசி உலகத்தின் ஆகப்பெரிய வில்லனான டார்க்சைட் முதன்முதலாக முகம் காட்டியது சூப்பர்மேன் இதழில் அல்ல, இந்த ஜிம்மி ஓல்சன் இதழில்தான்.

நாயகனின் உடுப்பையே போட்டுக்கொண்டவர்களில் ஜேம்ஸ் ரோட்ஸ் முக்கியமானவர். 1983-இல் அயர்ன் மேன் குடியில் விழுந்து எழ முடியாமல் கிடந்தபோது, அவருடைய விமானியாக இருந்த ரோட்ஸ் கவசத்தை மாட்டிக்கொண்டார். ஒன்றிரண்டு இதழுக்கு அல்ல, வருடக்கணக்கில். 1969-இல் வந்த ஃபால்கனுக்கு ஆரம்பத்தில் இறக்கை கூடக் கிடையாது, ஒரு பருந்து மட்டும்தான் துணை. இறக்கை 1974-இல் பிளாக் பாந்தர் செய்து கொடுத்தது. இடையில் இதழின் பெயரே ‘கேப்டன் அமெரிக்காவும் ஃபால்கனும்’ என்று மாறியது. 2014-இல் கேடயமே அவர் கைக்கு வந்தது. அவருக்கு முன் 2008-இல் பக்கியும் அதைச் சுமந்திருக்கிறான். எபனி ஒயிட்டின் காலத்தை நினைத்துப் பார்த்தால் ஃபால்கன் நடந்து வந்த தூரம் புரியும். ஆனால் இந்த வாரிசுகளிடமிருந்து கேடயமும் கவசமும் கடைசியில் பழைய சொந்தக்காரரிடமே திரும்பிப் போகும் என்பது எழுதாத விதி. விருந்தாளியாக வந்து வீட்டைப் பிடித்த ஆளுக்கு உதாரணம் கேட்டால் ஒரே பெயர் போதும்: உல்வரின். 1974-இல் ‘ஹல்க்’ 180-வது இதழின் கடைசிக் கட்டத்தில் எட்டிப்பார்த்தவர்.

புதிதாகப் படிக்கத் தொடங்குபவர்கள் 1940-இலிருந்து வரிசையாக வர வேண்டாம், பாதி வழியில் தூங்கிவிடுவீர்கள். டிக் கிரேசன் வேண்டுமென்றால் டாம் டெய்லர் எழுதி புரூனோ ரெடொண்டோ வரைந்து 2021-இல் தொடங்கிய ‘நைட்விங்’ நல்ல வாசல். பக்கிக்கு 2005-இன் ‘கேப்டன் அமெரிக்கா’. ஆனால் ஒன்றே ஒன்றுதான் வாங்கக் காசிருக்கிறது என்றால் 2012-இல் தொடங்கிய ‘ஹாக்ஐ’ வாங்குங்கள். எழுதியவர் மாட் ஃபிராக்ஷன், பெரும்பாலான இதழ்களை வரைந்தவர் டேவிட் ஆஜா. ஹாக்ஐ அவெஞ்சர்ஸ் கூட்டத்தில் கடைசி வரிசை. கடவுள்களுக்கும் ராட்சதர்களுக்கும் நடுவில் வில்லும் அம்புமாக நிற்பவர். அவருக்கு கேட் பிஷப் என்ற இளம்பெண் துணை, அவளும் அதே பெயரில் அதே வில்லோடு. இருவருக்கும் சேர்த்து ஒற்றைக்கண் நாய் ஒன்று. 11-வது இதழ் முழுக்க முழுக்க அந்த நாயின் பார்வையில் நடக்கிறது. கட்டடத்தில் ஒரு கொலை; நாய் மோந்து மோந்து துப்பறிகிறது. ஒவ்வொரு ஆளும் அதற்கு வாசனைகளின் ஒரு வரைபடம். மனிதர்கள் பேசும்போது பேச்சுக் குமிழியெல்லாம் கிறுக்கலாக இருக்கும். நாய்க்குத் தெரிந்த சொற்கள் மட்டும் அங்கங்கே எழுத்தாக வரும். 2014-இல் சிறந்த தனி இதழுக்கான ஐஸ்னர் விருது இதற்குத்தான் கிடைத்தது. கடைசிப் பக்கங்களில் ஹாக்ஐக்கும் கேட்டுக்கும் முறிந்துவிடுகிறது. அவள் ஊரைவிட்டே கிளம்புகிறாள். நாய் யார் பின்னால் போகிறது என்பதை நான் சொல்லப்போவதில்லை.